வைக்கம் சத்தியாகிரகம்

வைக்கம் சத்தியாகிரகம் என்பது திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வைக்கம் என்னும் ஊரில், மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்டோரும் பிற்படுத்தப்பட்டோரும் நடக்கும் உரிமைக்காக 1924 மார்ச் 30 முதல் 1925 நவம்பர் வரை நடந்த போராட்டமாகும். வைக்கம் இன்று கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில், வேம்பநாட்டுக் காயலின் கிழக்குக் கரையில் உள்ளது.

இது கோயில் நுழைவுப் போராட்டம் என்றே பலரும் எண்ணுகின்றனர். தேர்வு விடைத்தாள்களிலும் அப்படித்தான் எழுதப்படுகிறது. உண்மையில் கோயிலுக்குள் செல்லும் உரிமையை வைக்கத்தில் யாரும் கேட்கவில்லை. கோயில் மதிலுக்கு வெளியே உள்ள தெருவில் நடக்க விடுங்கள் என்பதே கோரிக்கை. அதற்கே அறுநூறு நாட்களுக்கு மேல் தேவைப்பட்டது.

பின்னணி

அக்காலத் திருவிதாங்கூரில் தீண்டாமை, தொடுவதோடு நின்றுவிடவில்லை. குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்தாலே தீட்டு என்று கருதப்பட்டது. வைக்கம் கோயிலின் நான்கு பக்கத் தெருக்களிலும் சற்றுத் தள்ளி 'தீண்டல் பலகைகள்' நடப்பட்டிருந்தன. ஈழவர், புலையர் முதலிய சாதியினர் அந்தப் பலகையைத் தாண்டக் கூடாது. கிறித்தவரும் இசுலாமியரும் தாராளமாக நடக்கலாம். அதாவது பலகைக்கு இப்பால் நிறுத்தப்பட்ட ஒருவர், மதம் மாறிவிட்டால் அதே தெருவில் தடையின்றி நடந்து போகலாம். இந்த முரணைத்தான் ஈழவர் தலைவர்கள் மேடைதோறும் சுட்டிக் காட்டினர்.

தெருக்கள் கோயிலுக்குச் சொந்தம் என்பது எதிர்த்தரப்பின் வாதம். அரசின் பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் தெரு எல்லாருக்கும் பொது என்பது மறுதரப்பின் வாதம்.

ஈழவர் தலைவரும் பத்திரிகையாசிரியருமான டி. கே. மாதவன் 1921இல் திருநெல்வேலியில் காந்தியைச் சந்தித்து இப்பிரச்சினையை எடுத்துரைத்தார். 1923 டிசம்பரில் காக்கிநாடாவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கும் அதைக் கொண்டு சென்றார். இதன் தொடர்ச்சியாகக் கேரளக் காங்கிரஸ் ஒரு தீண்டாமை ஒழிப்புக் குழுவை அமைத்தது. கே. கேளப்பன் அதன் பொறுப்பாளரானார்.

தொடக்கம்

முதல் நாள் மூவர் சென்றனர்: புலையரான குஞ்ஞாப்பி, ஈழவரான பாகுலேயன், நாயரான கோவிந்த பணிக்கர். பலகையருகே காவலர்கள் அவர்களை நிறுத்திச் சாதியைக் கேட்டனர். நாயருக்குத் தடையில்லை, அவர் மட்டும் போகலாம் என்றனர். மற்ற இருவருடன்தான் போவேன் என்று பணிக்கர் நின்றார். மூவரும் கைதாயினர், ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றனர். பின்னர் நாள்தோறும் தொண்டர்கள் சென்றார்கள், கைதானார்கள். ஏப்ரல் முதல் இரண்டு வாரத்துக்குள் டி. கே. மாதவன், கே. பி. கேசவ மேனன், ஜார்ஜ் ஜோசப் ஆகியோரும் சிறையில் இருந்தனர்.

ஜார்ஜ் ஜோசப் செங்கன்னூரில் பிறந்தவர். மதுரையில் வழக்கறிஞராக இருந்தவர். குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு எதிராக வாதாடியதால் மதுரை வட்டாரக் கள்ளர் சமூகத்தினர் அன்புடன் 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தது இவரைத்தான்.

தீண்டாமை இந்துக்களின் பாவம், அதற்கான பரிகாரத்தை இந்துக்களே செய்ய வேண்டும் என்பது காந்தியின் கருத்து. ஆகவே கிறித்தவரான ஜார்ஜ் ஜோசப் விலகியிருக்க வேண்டும் என்று அவர் எழுதினார். தொண்டர்களுக்கு உணவளிக்கப் பஞ்சாபிலிருந்து வந்த அகாலி சீக்கியர்களின் இலவச உணவுச்சாலையும் இதே காரணத்தால் மூடப்பட்டது. பிற மாகாணத்தார் கலந்துகொள்வதையும் அவர் ஊக்குவிக்கவில்லை. இந்த அணுகுமுறை போராட்டத்தின் வலிமையைக் குறைத்தது என்ற விமர்சனத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

தமிழ்நாட்டின் பங்கு

தலைவர்கள் சிறைப்பட்ட நிலையில் ஈரோட்டுக்கு அழைப்பு வந்தது. அப்போது தமிழ்நாட்டுக் காங்கிரஸ் கமிட்டியின் தலைவராக இருந்த ஈ. வெ. ராமசாமி (பெரியார்) 1924 ஏப்ரல் 13 அன்று வைக்கம் சென்றார். ஊர் ஊராகப் பேசினார். ஒரு மாதம் தண்டிக்கப்பட்டு அருவிக்குத்தி சிறையில் அடைக்கப்பட்டார். விடுதலையானதும் மீண்டும் வைக்கம் சென்றார். இம்முறை நான்கு மாதக் கடுங்காவல். மற்றத் தலைவர்களுக்குக் கிடைத்த அரசியல் கைதிக்குரிய சலுகைகள் இவருக்குத் தரப்படவில்லை. திருவனந்தபுரம் சிறையில் கால் விலங்குடன் இருந்ததைக் கேசவ மேனன் பதிவு செய்துள்ளார். மகாராஜா மூலம் திருநாள் ஆகஸ்டில் இறந்ததையொட்டி முன்னதாகவே விடுவிக்கப்பட்டார். இப்போராட்டத்துக்காகப் பெரியார் செலவிட்டது மொத்தம் 141 நாட்கள் என்றும், அவற்றில் 74 நாட்கள் சிறையில் கழிந்தன என்றும் ஆய்வாளர் பழ. அதியமான் கணக்கிட்டுள்ளார்.

அவருடைய மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் பெண்களைத் திரட்டிப் போராடினர். கோவை அய்யாமுத்துவும் சிறை சென்றார். 'வைக்கம் வீரர்' என்ற பட்டம் பெரியாருக்கு மட்டும் உரியதாக நினைவில் நிற்பதால் இவர்கள் பெயர்கள் பின்னுக்குப் போய்விட்டன.

வெள்ளமும் வன்முறையும்

கைது செய்து பயனில்லை என்று கண்ட அரசு தெருக்களை வேலியிட்டு அடைத்தது. தொண்டர்கள் வேலி முன் அமர்ந்து இராட்டையில் நூல் நூற்றனர். அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்டில் கேரளத்தையே மூழ்கடித்த பெருவெள்ளம் வைக்கத்தையும் சூழ்ந்தது. காவலர்கள் படகில் நின்று காவல் காத்தனர். தொண்டர்கள் தண்ணீரில் நின்றனர்.

எதிர்த்தரப்பின் ஆட்களிடம் தொண்டர்கள் அடிபட்டனர். ராமன் இளையது என்பவரின் கண்களில் சுண்ணாம்பு பூசப்பட்டது. தாக்குதலுக்கு உள்ளான சிற்றேடத்து சங்குப் பிள்ளை 1924 டிசம்பரில் உயிரிழந்தார்.

ஸ்ரீநாராயண குரு தம் ஆதரவைத் தெரிவித்துப் பொருளும் தந்தார். அவருடைய மடமே தொண்டர்கள் தங்கும் ஆசிரமமாகியது.

உயர்சாதியினரின் ஊர்வலம்

1924 நவம்பரில் மன்னத்து பத்மநாபன் தலைமையில் உயர்சாதியினர் வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடந்தனர். தெற்கே கோட்டாற்றிலிருந்து டாக்டர் எம். எம்பெருமாள் நாயுடு தலைமையில் இன்னோர் ஊர்வலம் வந்தது. (இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் பெரும்பகுதி அப்போது திருவிதாங்கூரில் இருந்தது.) தெருக்களைத் திறந்துவிடக் கோரி 25,000க்கும் மேற்பட்ட உயர்சாதியினர் கையெழுத்திட்ட மனு, ஆட்சிப் பொறுப்பிலிருந்த ராணி சேது லட்சுமிபாயிடம் அளிக்கப்பட்டது.

சட்டசபை முடிவெடுக்கட்டும் என்றார் ராணி. 1925 பிப்ரவரியில் என். குமாரன் கொண்டுவந்த தீர்மானம் ஒரே ஒரு வாக்கில் தோற்றது: ஆதரவு 21, எதிர்ப்பு 22.

காந்தியின் வருகை

1925 மார்ச் 9 அன்று காந்தி வைக்கம் வந்தார். எதிர்த்தரப்பின் தலைவரான இண்டன்துருத்தி நம்பியாதிரியைக் காணச் சென்றபோது, வைசியர் என்பதால் அவர் இல்லத்துக்குள் அழைக்கப்படவில்லை. வெளியே தனியாக இடம் தரப்பட்டது. தெருவில் நடக்க முடியாதவர்கள் முற்பிறவி வினையின் பலனை அனுபவிக்கிறார்கள் என்று அங்கே வாதிடப்பட்டது. உயர்சாதி இந்துக்களிடம் மட்டும் வாக்கெடுப்பு, நடுவர் தீர்ப்பு, சாத்திர ஆதாரத்தைப் பண்டிதர்கள் ஆராய்வது என்று காந்தி முன்வைத்த மூன்று யோசனைகளையும் அவர்கள் ஏற்கவில்லை. அந்த இல்லத்தில் இன்று கள் இறக்கும் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகம் இயங்குகிறது.

உடன்பாடு

பின்னர் காவல்துறை ஆணையர் பிட்டுடன் காந்தி நடத்திய கடிதப் போக்குவரத்தின் வழியே ஓர் உடன்பாடு ஏற்பட்டது. தெருத் தடை ஆணை விலக்கப்பட்டது. நவம்பரில் சத்தியாகிரகம் முடிவுக்கு வந்தது. வைக்கத்தில் நடந்த வெற்றி விழாவுக்குப் பெரியார் தலைமை தாங்கினார்.

ஆனால் திறக்கப்பட்டவை வடக்கு, தெற்கு, மேற்குத் தெருக்களே. கிழக்குப் பக்கம் உயர்சாதியினருக்கே ஒதுக்கப்பட்டது. அதுவரை அங்கே நடந்துவந்த கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும்கூட அப்பகுதி மூடப்பட்டது. எனவே இதை முழு வெற்றி என்று எழுதுவது சரியன்று.

மிச்சமிருந்ததற்காக வேறு ஊர்களில் போராட்டம் தொடர்ந்தது. 1926இல் எம்பெருமாள் நாயுடு சுசீந்திரத்தில் இதே கோரிக்கையுடன் சத்தியாகிரகம் நடத்தினார். 1928இல் திருவிதாங்கூரின் பொதுச் சாலைகள் அனைத்தும் எல்லாச் சாதியினருக்கும் திறக்கப்பட்டன. 1931இல் கேளப்பன் குருவாயூரில் கோயில் நுழைவுக்காகவே போராட்டம் தொடங்கினார். அரசின் பொறுப்பிலிருந்த கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடும் ஆணையை 1936 நவம்பர் 12 அன்று மகாராஜா சித்திரைத் திருநாள் வெளியிட்டார். வைக்கத்தில் தெருவுக்காகச் சிறை சென்றவர்கள் மகாதேவர் சந்நிதிக்குச் செல்ல முடிந்தது அதன் பிறகுதான்.

வைக்கத்தில் தமிழ்நாடு அரசு அமைத்த பெரியார் நினைவகம் 1994இல் திறக்கப்பட்டது. புதுப்பிக்கப்பட்ட நினைவகத்தையும் நூலகத்தையும் 2024 டிசம்பர் 12 அன்று கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் முன்னிலையில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் திறந்துவைத்தார்.