நார்க்கழிவில் நிற்கும் செடிக்கு நீரும் உணவும்

தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தெடுத்த பிறகு உதிர்ந்து மிஞ்சும் பழுப்புநிறத் தூள்தான் நார்க்கழிவு. நாற்றங்கால்காரர்களும் மாடித்தோட்டம் போடுகிறவர்களும் கோகோபீட் என்கிறார்கள். ஒரு கிலோ நார் எடுத்தால் ஏறக்குறைய இரண்டு கிலோ தூள் மிஞ்சும். ஒரு காலத்தில் நார் ஆலைகளின் ஓரத்தில் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்த இந்தத் தூள், இன்று அழுத்தப்பட்டுக் கட்டிகளாகிப் பொள்ளாச்சியிலிருந்து கப்பலேறுகிறது. நெதர்லாந்தின் கண்ணாடிக்கூடங்களில் தக்காளியும் ரோஜாவும் இதில்தான் வேர்விடுகின்றன. உள்ளூரில் மிளகாய், தக்காளி, கத்தரி நாற்று விடும் குழித்தட்டுகளை நிரப்புவதும் இதுவே.

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் பக்கம், கரிவலம்வந்தநல்லூரைச் சுற்றியுள்ள கரிசலில் மிளகாய் போடுகிறவர்களுக்கு மண்ணின் குணம் கைப்பழக்கத்தில் தெரியும். ஒரு நல்ல மழை பெய்தால் கரிசல் பல நாள் ஈரம் காக்கும். போட்ட எருவையும் பிடித்துவைத்துக்கொண்டு செடிக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கும். நார்க்கழிவு அப்படிப்பட்டதன்று. கரிசல் மண் தானியம் நிறைந்த குதிர் என்றால் நார்க்கழிவு வெறுங்குதிர். தினமும் எவ்வளவு போடுகிறோமோ அவ்வளவுதான் உள்ளே இருக்கும். மண்ணில் பழகிய கையோடு நார்க்கழிவுக்கு நீர் விடுகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பதப்படுத்தாத நார்க்கழிவில் தழைச்சத்து 0.26 சதவீதம், மணிச்சத்து 0.01 சதவீதம், சாம்பல்சத்து மட்டும் 0.78 சதவீதம் என்ற அளவில் இருக்கிறது. கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112:1. இதை மட்கச் செய்ய நுண்ணுயிரிகள் முயலும்போது, நாம் செடிக்கென்று விட்ட தழைச்சத்தை அவை தமக்கு எடுத்துக்கொள்ளும். புதுத் தூளில் நட்ட நாற்று இரண்டு வாரத்தில் வெளிறிப்போவதற்கு இது ஒரு காரணம். லிக்னின் அதிகம் இருப்பதால் தூள் சீக்கிரம் மட்குவதில்லை. இதுவே ஒரு வகையில் அதன் பலம்: பருவம் முழுக்க நொறுங்கி இறுகாமல், வேருக்குக் காற்றோட்டம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

கடையில் கிடைக்கும் 5 கிலோ கட்டியை ஊறவைத்தால் சுமார் 70 லிட்டர் தூளாக உப்பும். ஊறியதும் அப்படியே பையில் நிரப்பி நடுவது சரியன்று. தென்னை சாம்பல்சத்தை விரும்பி உறிஞ்சும் மரம். அதன் மட்டையில் பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் தங்கியிருக்கும். மட்டையை உவர்நீரில் ஊறவைத்திருந்தால் உப்பு இன்னும் கூடும். இந்த உப்பின் அளவை மின்கடத்துதிறன் காட்டும். கட்டியின் உறையில் இ.சி. என்று அச்சிட்டிருப்பது அதைத்தான். 0.5க்குக் கீழே இருந்தால் அலசிய தூள். அதைவிட மிகவும் கூடுதலாக இருப்பது நாற்றுக்கு ஆகாது. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, வடித்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

அலசல் பாதி வேலைதான். நார்த்தூளின் ஒவ்வொரு துகளும் மின்னேற்றம் கொண்டது. பொட்டாசியத்தையும் சோடியத்தையும் தன் மேற்பரப்பில் ஒட்டவைத்திருக்கும். வெறும் தண்ணீர், கரைந்து திரியும் உப்பைக் கொண்டுபோகுமே தவிர ஒட்டியிருப்பதைப் பிரிக்காது. இந்த நிலையில் செடிக்குக் கால்சியமும் மெக்னீசியமும் கொடுத்தால், துகள் அவற்றைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். செடிக்குப் போக வேண்டிய கால்சியம் தூளுக்குப் போய்விடும். கால்சியம் எட்டாத தக்காளியின் அடிப்பாகம் கறுத்துக் குழிந்து அழுகும். மிளகாயிலும் இதே அழுகல் வரும். பூச்சி என்று எண்ணி மருந்தடித்தால் அது தீராது.

இதைத் தவிர்க்கத் தூளை முன்கூட்டியே கால்சியத்தால் நிறைத்துவிட வேண்டும். லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் வரை கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, வடித்து, பிறகு நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசினால் போதும். வடிந்த நீரில் பொட்டாசியமும் சோடியமும் வெளியேறிவிடும். பெரிய ஏற்றுமதி நிறுவனங்கள் இதை ஆலையிலேயே செய்து அனுப்புகின்றன. உள்ளூரில் விற்கும் கட்டிகளில் பல வெறுமனே அலசப்பட்டவை, சில அதுவும் இல்லாதவை. கட்டிக்குக் கொஞ்சம் விலை கூடினாலும் பதப்படுத்தியதை வாங்குவதே இலாபம்.

குழித்தட்டு நாற்றுக்கான முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் விரிவாக வகுத்திருக்கிறது. 300 கிலோ நுண்ணுயிர் நீக்கிய நார்க்கழிவுடன் 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கு, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா தலா 1 கிலோ கலக்க வேண்டும். 98 குழிகள் கொண்ட ஒரு தட்டை நிரப்பச் சுமார் 1.2 கிலோ தூள் பிடிக்கும். ஓர் எக்டருக்கு 238 தட்டுகள். விதைத்த தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் தாளால் மூடி, முளைப்பு தொடங்கியதும் நிழல்வலைக் கூடத்துக்குள் பரப்பிவைப்பார்கள். அதிலிருந்து தினமும் பூவாளியால் நீர். விதைத்த 18ஆம் நாள், லிட்டருக்கு 5 கிராம் வீதம் 19:19:19 உரம் கரைத்து ஊற்றுவது முறை.

ஒரு குழியில் இருக்கும் தூள் ஒரு கைப்பிடிகூட இல்லை. அதனால் தவறுக்கு இடமே இல்லை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று குற்றாலத்தில் சாரலாகும். கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் வரும்போது அதில் மழை இராது, வேகம் மட்டும் இருக்கும். மாவட்டத்தின் காற்றாலைகள் சுழல்வது அந்தக் காற்றில்தான். நாற்றுத்தட்டுக்கு வெயிலைவிட அது பொல்லாதது. வெயில் தெரியாத மேகமூட்ட நாளிலும் ஓரத்துக் குழிகள் நண்பகலுக்குள் காய்ந்து, நடுக்குழிகள் மட்டும் ஈரமாக நிற்கும். எல்லாத் தட்டுக்கும் ஒரே அளவில் ஊற்றினால் ஓரம் வாடும், நடு அழுகும். காற்று வரும் திசையில் வலையைத் தரைவரை இறக்கிக்கட்டுவதும், ஓரத்தட்டுகளை நாள்தோறும் உள்ளே மாற்றிவைப்பதும், ஓரத்துக்கு மட்டும் இரண்டாம் முறை நீர் விடுவதும் பலன் தரும்.

ஈரம் பார்ப்பதிலும் கண்ணை நம்பக்கூடாது. நார்க்கழிவின் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்து வெளிர்ந்துவிடும். விரலை இரண்டங்குலம் இறக்கினால் கீழே கரும்பழுப்பாக நனைந்திருக்கும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிவது சரியான ஈரம். தண்ணீர் ஒழுகினால் மிகுதி, கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் குறைவு. பையையோ தட்டையோ தூக்கி எடை பார்ப்பது இன்னும் நம்பகமான வழி.

நாற்று பைக்கு மாறி, வேர் பரவிய பிறகு கணக்கு வேறாகும். இப்போது மிகுநீரைவிட வறட்சியே ஆபத்து. தூள் காயக் காய, அதில் எஞ்சிய நீரில் உப்பு செறிந்து, வேர்நுனியைக் கருக்கும். எனவே மண்ணைப்போல் காயவிட்டுப் பாய்ச்சாமல், சொட்டுநீரில் சிறிதாகப் பலமுறை விட வேண்டும். கோடையில் காய்க்கும் தக்காளிக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு தவணைகூடத் தேவைப்படும். ஒவ்வொரு தவணையிலும் உரம் கரைத்த நீரே போவது நல்லது. வாரம் முழுக்க வெறும் தண்ணீர் விட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு கைப்பிடி உரம் போடும் வழக்கம் நார்க்கழிவுக்குச் சற்றும் பொருந்தாது.

கரைசலின் செறிவு, இளஞ்செடிக்கு இ.சி. 1 அளவிலும், வளர்ச்சியில் 1.5 முதல் 2 வரையிலும், காய்ப்பில் 2 முதல் 2.5 வரையிலும் இருக்கலாம். கார அமிலநிலை 5.5க்கும் 6.5க்கும் இடையில் நிற்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் கடினநீர் இதை மேலே ஏற்றும். ஏறினால் இரும்புச்சத்து இருந்தும் செடிக்கு எட்டாமல், கொழுந்திலை நரம்பு பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் மாறும். 19:19:19 உரத்தில் கால்சியமும் மெக்னீசியமும் இல்லை. அதை மட்டும் நம்பினால் நாற்றுக்காலம் தாண்டாது. கால்சியம் நைட்ரேட்டும் மெக்னீசியம் சல்ஃபேட்டும் நுண்ணூட்டக் கலவையும் சேர வேண்டும். ஆனால் கால்சியம் நைட்ரேட்டைச் சல்ஃபேட், பாஸ்பேட் உரங்களோடு ஒரே தொட்டியில் கெட்டியாகக் கரைக்கக்கூடாது. கரைத்தால் கால்சியம் வெள்ளைப் படிவாகித் தொட்டியின் அடியில் தங்கும், சொட்டுவாய்களும் அடைபடும். இரண்டு தொட்டிகளில் தனித்தனியே கரைத்து, ஓடும் நீரில்தான் கலக்க வேண்டும்.

விட்ட நீரில் பத்திலிருந்து இருபது சதவீதம் பையின் அடியில் வடிந்து வெளியேற வேண்டும். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் இது வீணாகத் தோன்றும். உண்மையில் உப்பு வெளியேற இருக்கும் ஒரே வாசல் அதுதான். வடிநீரை ஒரு கிண்ணத்தில் பிடித்து அளந்தால் பையின் உள்நிலை தெரியும்: விட்ட நீரைவிட வடிநீரின் இ.சி. மிகவும் கூடியிருந்தால் உப்பு சேர்கிறது, செறிவைக் குறைத்துக் கூடுதலாக விட வேண்டும். மிகவும் குறைந்திருந்தால் செடி பசியோடு இருக்கிறது. பிடித்த வடிநீரை வாய்க்காலில் விடாமல் தோட்டத்து வாழைக்கோ தென்னைக்கோ திருப்பினால் நீரும் உரமும் வீணாகா.

மாடித்தோட்டத்தில் இவ்வளவு கருவிகள் தேவையில்லை. நார்க்கழிவு, செம்மண், மட்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்தால், மண்ணும் எருவும் உணவைத் தாங்கிக்கொள்ளும். நார்க்கழிவு ஈரத்தையும் காற்றையும் பார்த்துக்கொள்ளும். கோடையில் காலை, மாலை நீர், பத்து நாளுக்கொருமுறை நீர்த்த ஊட்டம் என்று போதும்.

பருவம் முடிந்த தூளை அலசி, மறுபடி கால்சியம் ஏற்றி இரண்டு மூன்று பருவம் பயன்படுத்தலாம். நோய் வந்த பையின் தூளுக்கு மட்டும் இது பொருந்தாது. அலுத்துப்போன தூளையும் எறிய வேண்டியதில்லை. ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு ஈரம் காத்தால் சுமார் 60 நாளில் மட்கி, கரிம விகிதம் 112லிருந்து 24க்கு இறங்கும் என்பது பல்கலைக்கழகம் காட்டிய முறை. அந்த மட்கு, மானாவாரி நிலத்தில் ஈரம் நிற்க உதவும். உப்பேறிய தூளை மட்டும் நல்ல தண்ணீரில் அலசாமல் வயலில் கொட்டவே கூடாது.