சான்றாய் நின்ற குருகு

சங்கப் பாடல்களை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க முற்படும்போது, “சொற்கள் கடினம், விளங்கவில்லை” என்னும் முறையீடே முதலில் எழுகின்றது. தமிழகத்தை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நம் குடும்பங்களில் இம்முறையீடு ஓங்கி ஒலிப்பதில் வியப்பில்லை. இதற்கு அஞ்சி நாம் ஒதுங்கிவிட்டால், அடுத்த தலைமுறைக்குச் சங்கச் செல்வம் பெயரளவில்தான் எஞ்சும். சொல்லுக்கு முன்னே காட்சியைக் காட்டினால் பாட்டு தானே வாய் திறக்கும். குறுந்தொகையின் 25ஆம் பாட்டைக் கொண்டு இதனைக் காண்போம்.

குறுந்தொகைப் பாட்டுகள் பெரும்பாலும் 4 முதல் 8 அடி வரை அமைந்தவை. கபிலர் பாடிய இப்பாட்டுக்கு 5 அடிகளே. களவில் தன்னை மணந்த தலைவன் திருமணத்தைக் காலம் தாழ்த்துகின்றான். தலைவி தோழியிடம் மனம் திறக்கின்றாள்: அன்று அங்கே வேறு எவரும் இலர், அந்தக் கள்வன் மட்டுமே இருந்தான், அவனே சொல் தவறினால் நான் யாது செய்வேன்? பின்னர் ஒன்று அவள் நினைவுக்கு வருகின்றது. ஓடும் நீரில் ஆரல் மீனை எதிர்நோக்கி ஒரு குருகு நின்றது. அவ்வளவே பாட்டு!

இதில் வெளிப்படையான உவமை ஒன்றே. குருகின் சிறிய பசிய காலுக்குத் தினையின் தாள் உவமையாகின்றது. உவமையின் வகைகளாக வினை, பயன், மெய், உரு என நான்கனைக் கூறுவார் தொல்காப்பியர். மெய் வடிவம், உரு நிறம். இங்கே மெலிவால் வடிவும், பசுமையால் நிறமும் பொருந்தின. மேலும் தினை, குறிஞ்சி நிலத்துப் பயிர். நாளும் தினைப்புனம் காண்பவள் வாயில் தினையே உவமையாக வருவதுதான் இயல்பு. தாமரைத் தண்டைச் சொல்லியிருந்தால் அழகு இருக்கும். அவள் வாழ்வு அதில் இராது. பறவையின் காலை மட்டும் நினைவு கூர்வானேன்? நாணத்தால் தலை கவிழ்ந்தவள் கண்ணுக்கு அதுவே தெரிந்தது போலும்!

“எவரும் இலர்” என்றவள், குருகு இருந்தது என்கின்றாளே! ஏதேனும் ஒரு சான்று வேண்டும் என்று அவள் உள்ளம் தவிக்கின்றது. கிடைத்த சான்றோ வாய் பேசாதது. அதன் கண்ணும் மீன்மேல் இருந்தது. அக்குருகைப் போலவே தலைவனும் தன் பயன் ஒன்றையே நோக்கினானோ? நீர் ஓடுவது போல அவன் சொல்லும் ஓடிவிடுமோ? கபிலர் இவற்றைக் கூறவில்லை. நம்மை எண்ண வைக்கின்றார். இவ்வாறு கருப்பொருளின் வழியே கூறாத பொருளை உணர்த்தும் நெறிகளை உள்ளுறை, இறைச்சி என்று இலக்கண நூலார் விரித்துரைப்பர்.

பெற்றோர்களே, இக்காட்சியைக் காட்டத் தமிழகம் செல்ல வேண்டுவதில்லை. கொக்கினம் நாடெங்கும் நீர்நிலைகளில் நிற்கின்றது. தினை வடநாட்டுக் கடைகளில் கங்னி என்னும் பெயரில் கிடைக்கின்றது. உமி நீங்காத தினையைத் தொட்டியில் விதைத்தால் தாளின் பசுமையையும் காணலாம். பிறகு பிள்ளைகளிடம் மூன்று வினாக்கள் கேளுங்கள்: எதனை எதனோடு ஒப்பிட்டார்? ஏன் அப்பொருளைத் தேர்ந்தார்? சொல்லாமல் விட்டது யாது? அதன்பின் 1937இல் டாக்டர் உ. வே. சாமிநாதையர் வெளியிட்ட உரையுடன் பாட்டைப் படியுங்கள். கண் கண்டதை நெஞ்சு எளிதில் மறவாது.