பதினைந்து வயது ஏன் கொதிக்கிறது?

நேற்றுவரை பள்ளிக்கதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்ன பிள்ளை, இன்று “ஒண்ணுமில்ல” என்று கதவைச் சாத்துகிறது. சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுகிறது. வளர்ப்பு எங்கே தவறியது என்று பெற்றோர் தவித்துப்போகிறார்கள். பெரும்பாலும் எங்கும் தவறவில்லை. தலைக்குள் ஒரு பெரிய வேலை நடக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு சமையலறையைப் புதுப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் உள்ளே இருக்கிறார்கள். ஆனால் மூன்று வேளைச் சமையலும் அங்கேதான் நடந்தாக வேண்டும். வளரிளம் பருவத்து மூளை அந்தச் சமையலறைதான்.

முதலில் அறையின் அளவு. ஆறு வயதிலேயே மூளை, பெரியவர்களின் மூளை அளவில் ஏறக்குறைய 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. ஆகவே சுவர்கள் எழும்பியாயிற்று; மாற்றமெல்லாம் உள்ளேதான். வெளியே நின்று பார்க்கும் நமக்கு, வேலை முடிந்த வீடுபோலத் தெரிகிறது.

அடுத்து, புது அடுப்பு வந்து இறங்குகிறது. பருவமடையும்போது உணர்ச்சியையும் ஆசையையும் கிளப்பும் பகுதிகள் சுறுசுறுப்பாகின்றன. அச்சத்தையும் கோபத்தையும் எழுப்பும் அமிக்டலா, இன்பத்தைத் தேடவைக்கும் டோபமைன் பாதை இரண்டிலும் தீ பெரிதாகிறது. ஆனால் தீயைச் சிம்மில் வைக்கும் திருகு, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி. அது முழுதாக இறுகிப் பொருந்த இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். அடுப்பு முதலில் வருகிறது, திருகு கடைசியில் வருகிறது. இடைப்பட்ட பத்து வருடமும் பால் பொங்கி வழியத்தான் செய்யும்.

திருகு இல்லாமலே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமைதியாக இருக்கும் நேரத்தில், பதினாறு வயதுப் பிள்ளை பெரியவர்களைப் போலவே நிதானமாக யோசிக்கும். ஹெல்மெட் ஏன் வேண்டும் என்று கேட்டால் அழகாகப் பதில் சொல்லும். தீ ஏறியதும் அதே திருகு ஆட்டம் காண்கிறது. “எல்லாம் தெரிஞ்சும் வேணும்னே பண்றான்” என்று நாம் சொல்கிறோம். தெரிவது ஒரு வேலை, கொதிக்கும்போது அதைக் கையில் எடுப்பது வேறொரு வேலை. இரண்டாவதுதான் இன்னும் கைகூடவில்லை.

பிறகு அலமாரி ஒழிக்கும் வேலை. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் குழுவினர் பிள்ளைகளின் மூளையை ஆண்டுக்கணக்கில் ஸ்கேன் செய்து 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். முன்மூளையின் சாம்பல்நிறப் பகுதி 11, 12 வயதுவரை பெருகி, அதன் பின் குறைகிறது. அதாவது, எடுக்காத டப்பாக்கள் அலமாரியிலிருந்து இறங்குகின்றன. தினம் எடுப்பவை நிலைக்கின்றன. அதனால்தான் இந்த வயதில் பழகும் தபேலாவும் கபடியும் வாசிப்பும் ஆழமாகப் பதிகின்றன. புகையிலையும் அப்படித்தான் பதிகிறது.

கூடவே ஒயரிங். நரம்பிழைகளின்மேல் மயலின் என்ற கொழுப்புறை ஏறுகிறது. அது ஏறிய இழையில் செய்தி பல மடங்கு வேகமாக ஓடும். இந்த வேலை பின்கட்டில் தொடங்கி முன்கட்டுக்கு வருகிறது. திருகு இருக்கும் இடம் முன்கட்டு என்பதால் அதற்குக் கடைசி முறை.

இப்போது சமையலறை வாசலில் நண்பர்கள் வந்து நிற்கிறார்கள். மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், திரையில் கார் ஓட்டும் விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். தனியாக ஓட்டியபோது பதின்வயதினர் ஏறக்குறைய பெரியவர்களைப் போலவே ஓட்டினார்கள். நண்பர்கள் பார்த்தபோது துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. வாசலில் ஆள் நின்றாலே தீ ஏறுகிறது.

தூக்கத்தையும் மறக்கக்கூடாது. தூக்கம் வரவழைக்கும் மெலடோனின் இந்த வயதில் இரவு தாமதமாகவே சுரக்கிறது. ஆனால் தேவையோ 8 முதல் 10 மணி நேரம். பத்தரைக்கும் தூக்கம் வராத பிள்ளையை விடிகாலை டியூஷனுக்கு எழுப்பினால், களைத்த கைதான் திருகைப் பிடிக்கும். சோம்பேறி என்று திட்டுவதைவிட, அந்த டியூஷனை மாலைக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

சரி, நாம் என்ன செய்வது? பால் பொங்கும்போது அறிவுரை வேண்டாம். நீங்களும் குரலை உயர்த்தினால் இரண்டு அடுப்பு எரியும். “அப்புறம் பேசலாம்பா” என்று நகருங்கள். தணிந்ததும் கட்டாயம் பேசுங்கள். இந்த இரண்டாம் பாதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பேசும்போது “ஏன் செஞ்சே?” என்பதைவிட “அடுத்த தடவை இப்படி ஆனா என்ன செய்வே?” என்று கேளுங்கள். யோசித்துப் பதில் சொல்லும் ஒவ்வொரு முறையும் திருகுக்குப் பயிற்சி.

பிறகு, எதில் விட்டுக்கொடுப்பது என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். முடிவெட்டு, சட்டை, பாட்டு, அறையின் ஒழுங்கு எல்லாம் அவர்கள் பாடு. உரிமம் இல்லாமல் பைக், போதை, அடுத்தவரை அடிப்பது, இவற்றில் அப்பாவும் அம்மாவும் ஒரே பேச்சாக நில்லுங்கள். கோட்டைக் குறைவாகப் போட்டால்தான் அது உறுதியாக நிற்கும்.

கடைசியாக, எல்லாவற்றையும் வயதின்மேல் போட்டுவிடவும் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் நண்பர்களையும் விட்டு ஒதுங்குவது, சாப்பாடும் தூக்கமும் கெடுவது, பிடித்த எதிலும் மனம் செல்லாதது இருந்தால் மருத்துவரிடம் போங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்வதோ, சாவைப் பற்றிய பேச்சோ வந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.