பழைய குளியலறையைப் புதிதாக்குவோம்

பெங்களூரு நகரில் சிறிய வீடுகள் அதிகம். அல்சூர், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. வீடு பழசானால் அது முதலில் தெரிவது குளியலறையில்தான். சுவர் கறுத்திருக்கும். பூச்சு உதிரும். தரை வழுக்கும். குழாய் சொட்டும். கதவு சரியாகச் சாத்தாது.

"எல்லாவற்றையும் இடித்துவிட்டு டைல்ஸ் போட வேண்டும். அதற்குப் பணம் எங்கே?" என்று நாம் அப்படியே விட்டுவிடுகிறோம். இடிக்க வேண்டியதில்லை. எதை முதலில் செய்வது என்று தெரிந்தால் போதும். முதலில் கசிவு. அடுத்து தரை. பிறகு காற்று. கடைசியில்தான் வண்ணம். பலர் வண்ணத்தில் தொடங்குகிறார்கள். ஈரச் சுவரில் அடித்த வண்ணம் சில மாதங்களில் உரிந்து விழும். போட்ட பணம் வீண்.

1. கசிவை நிறுத்துங்கள்

பெங்களூருவுக்குக் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வருகிறது. தொரேகாடனஹள்ளி என்ற ஊரில் அதைச் சுத்தம் செய்கிறார்கள். அங்கிருந்து மேட்டு நிலத்துக்கு ஏற்றி அனுப்புகிறார்கள். 1974-ல் இந்தத் திட்டத்தின் முதல் கட்டம் வந்தது. ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. அதே 2024 கோடையில் பல தெருக்களில் மக்கள் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள். இவ்வளவு பாடுபட்டு வரும் நீர் சொட்டி வீணாகலாமா?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சொட்டும் குழாயின் கீழே ஒரு லிட்டர் பாத்திரம் வையுங்கள். அது ஒரு மணி நேரத்தில் நிறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 24 லிட்டர். மாதம் 720 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 48 குடம்! பெரும்பாலும் தேய்ந்த வாஷர்தான் காரணம். புது வாஷர் சில ரூபாய்தான்.

கண்ணுக்குத் தெரியாத கசிவும் உண்டு. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். தொட்டி நிரம்பியிருக்க வேண்டும். தண்ணீர் மீட்டரில் உள்ள எண்ணை எழுதி வையுங்கள். காலையில் யாரும் தண்ணீர் பிடிக்கும் முன் மறுபடி பாருங்கள். எண் கூடியிருந்தால் எங்கோ கசிகிறது. பிளம்பரிடம் அந்த எண்களைக் காட்டுங்கள்.

2. தரையைச் சரி செய்யுங்கள்

தரையில் தண்ணீர் தேங்கினால் பாசி பிடிக்கும். பாசி பிடித்த தரையில் பெரியவர்கள் விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். மருத்துவச் செலவு குளியலறைச் செலவைவிடப் பல மடங்கு ஆகும்.

தேங்குவதற்குக் காரணம் வாட்டம் சரியில்லாததுதான். ஓர் அடிக்குக் கால் அங்குலம் சரிவு இருந்தால் நல்லது. 4 அடி அறைக்கு ஓர் அங்குலம். தண்ணீர் போகும் துளை தாழ்ந்த மூலையில் இருக்க வேண்டும். கொத்தனார் வேலை முடித்ததும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முழுவதும் வடிந்த பிறகே கூலி கொடுங்கள்.

டைல்ஸ் வாங்கினால் தரைக்குச் சொரசொரப்பானதை வாங்குங்கள். கடையிலேயே அதை நனைத்துக் கையால் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் வேண்டாம். பெரிய வேலைகளில் மீந்த டைல்ஸ் சில கடைகளில் மலிவாகக் கிடைக்கும்.

3. காற்று வழியை அடைக்காதீர்கள்

பெங்களூருவில் காலையில் குளிர் அதிகம். அதனால் சிலர் குளியலறை ஜன்னலை அட்டை வைத்து அடைத்துவிடுகிறார்கள். உள்ளேயே கேஸ் கீசரும் வைக்கிறார்கள். இது உயிருக்கு ஆபத்து. அடைத்த அறையில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷக்காற்று உண்டாகும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. குளிப்பவருக்குத் தலை சுற்றும். கதவைத் திறக்கும் முன்பே மயங்கி விழுவார். இப்படிப் பெங்களூருவில் பலர் இறந்திருக்கிறார்கள்.

கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். குழாய் மட்டும் உள்ளே வரட்டும். குளியலறை ஜன்னல் எப்போதும் திறந்திருக்கட்டும். மறைப்பு வேண்டுமானால் சாய்ந்த கண்ணாடிப் பட்டைகள் போடலாம். காற்று வந்தால் சுவரும் சீக்கிரம் உலரும். கறுப்புப் பூஞ்சையும் குறையும்.

4. சின்னச் சின்ன வசதிகள்

உள்ளே ஒரு நல்ல தாழ்ப்பாள் வேண்டும். பெண்கள் பயமில்லாமல் குளிக்க அது அவசியம். விளக்கின் சுவிட்ச் வெளியே இருக்கட்டும். பெரியவர்கள் இருந்தால் பிடித்து எழ ஒரு கம்பி வையுங்கள். துண்டு போடும் கம்பி இதற்கு உதவாது. இழுத்தால் கழன்றுவிடும். கனமான கம்பியைச் சுவரில் துளை போட்டு உறுதியாகப் பொருத்த வேண்டும்.

5. கடைசியில் வண்ணம்

சுவர் நன்றாக உலர்ந்ததா? உதிர்ந்த பூச்சைச் சுரண்டிவிட்டுச் சிமெண்டு பூசுங்கள். அது காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடியுங்கள். வெள்ளைச் சுவரில் சிறிய அறையும் வெளிச்சமாகத் தெரியும். செலவும் குறைவு. சுண்ணாம்பு கண்ணில் படாமல் கவனமாக இருங்கள்.

6. ஆசிட் எச்சரிக்கை

கறை போக ஆசிட் ஊற்றுவது பலருக்குப் பழக்கம். அது டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமெண்டை அரித்துவிடும். அந்த வழியாகத் தண்ணீர் கசியும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும். புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்த பிறகு பயன்படுத்துங்கள். சோப்புத் தூளும் தேய்க்கும் பிரஷும் தினசரிச் சுத்தத்துக்குப் போதும்.

வாடகை வீடா?

வாடகை வீட்டில் இருப்பவர்கள் முதலில் வீட்டுக்காரரிடம் பேசுங்கள். என்ன வேலை, எவ்வளவு செலவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதில் எவ்வளவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்பதையும் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு பின்னால் தகராறில் முடியும்.

ஒரே மாதத்தில் எல்லாம் செய்ய முடியாது. கேஸ் கீசர் உள்ளே இருந்தால் அதை மட்டும் இன்றே மாற்றுங்கள். பிறகு இந்த மாதம் வாஷர், தாழ்ப்பாள். அடுத்த மாதம் தரை. அதற்கடுத்து சுண்ணாம்பு. இன்று உங்கள் குளியலறையைப் பார்த்து, செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் விலையையும் கடையில் விசாரித்து, பக்கத்தில் குறித்துக் கூட்டிப் பாருங்கள்.