ஏஐ உதவியாளருக்கு ஞாபகசக்தி: குறிப்பேடு யார் கையில்?

பிறை – தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்துப் போகிறவர், காலையில் வருகிறவருக்காகப் பதிவேட்டில் நான்கு வரி எழுதி வைப்பார். எந்த இயந்திரம் நின்றது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது, எந்த வேலை பாக்கி என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தப் பதிவேடு இல்லையென்றால், காலையில் வருகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சாட்ஜிபிடி, கிளாட் போன்ற ஏஐ உதவியாளர்களின் நிலையும் அதுதான். இவை பயிற்சியின்போது கற்றதோடு சரி. நாம் பேசுவதால் அந்த அறிவு அப்போதைக்கப்போது மாறுவதில்லை. ஒரே உரையாடலுக்குள் நாம் முன்பு சொன்னது அதற்குத் தெரிவதற்குக் காரணம், ஒவ்வொரு கேள்வியுடனும் பழைய பேச்சும் சேர்த்து அனுப்பப்படுவதே. கூடுதல் வசதி எதுவும் இல்லையென்றால், புதிய உரையாடலைத் திறக்கும்போது வெற்றுத் தாள்தான்.

வீட்டிலிருந்தே சாப்பாட்டு ஆர்டர் எடுக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எந்த வாடிக்கையாளருக்குக் காரம் ஆகாது, யாருக்கு வெள்ளிக்கிழமை சைவம், ஒரு சாப்பாடு எத்தனை வெள்ளி என்று ஒவ்வொரு நாளும் புதிதாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? இந்தச் சிரமத்தைத் தீர்க்கத்தான் நிலையான நினைவு என்ற வசதி வந்தது.

2023 மார்ச்சில் ஓபன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடிக்கு 'பிளகின்' எனப்படும் இணைப்புகளை அறிமுகப்படுத்தியது. உரையாடலில் சொன்னதைச் சேமித்து, பின்னர் தேடி எடுக்கும் இணைப்பும் அவற்றில் ஒன்று. 2024இல் அந்த பிளகின் முறை நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு சாட்ஜிபிடிக்குள்ளேயே நினைவு வசதி வந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், ஏஐ உதவியாளர்களை வெளிக் கருவிகளோடு இணைக்க 'எம்சிபி' என்ற பொது முறையை வெளியிட்டது. அதனுடன் வந்த மாதிரி இணைப்புகளில் 'மெமரி' என்பதும் ஒன்று.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. ஆட்கள், பொருட்கள், அவற்றுக்கிடையே உள்ள தொடர்பு, அவற்றைப் பற்றிய சிறு குறிப்புகள் ஆகியவை பயனரின் கணினியிலேயே ஒரு கோப்பில் எழுதப்படுகின்றன. அடுத்த முறை பேசும்போது, தேவையான வரிகளை உதவியாளர் அந்தக் கோப்பிலிருந்து வாசித்துக்கொள்கிறது. ஆக, உதவியாளரின் மூளை மாறவில்லை. அதன் பக்கத்தில் ஒரு பதிவேடு வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியதும் இங்கேதான் இருக்கிறது.

முதலாவது, கோப்பு நம் கணினியில் இருந்தாலும், அதிலிருந்து வாசிக்கப்படும் வரிகள் பதிலைத் தயாரிக்க ஏஐ நிறுவனத்தின் கணினிக்குப் போகின்றன. 'என் வீட்டில்தானே இருக்கிறது' என்ற நிம்மதி பாதிதான் சரி.

இரண்டாவது, அழித்ததெல்லாம் அழிந்துவிடாது. சாட்ஜிபிடியில் ஓர் உரையாடலை நீக்கினாலும், அதிலிருந்து எடுத்துச் சேமித்த குறிப்பு தனியே இருக்கும். அதைத் தனியாக நீக்க வேண்டும். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தொடுத்த வழக்கில், பயனர்கள் அழித்த உரையாடல்களையும் பாதுகாத்து வைக்கும்படி 2025 மே மாதம் அமெரிக்க நீதிமன்றம் ஓபன்ஏஐக்கு உத்தரவிட்டது. அந்தக் கட்டாயம் அதே ஆண்டு செப்டம்பரில்தான் நீங்கியது.

மூன்றாவது, பதிவேட்டில் பொய்யும் ஏறலாம். வெளியிலிருந்து வரும் கோப்புகளிலும் இணையப் பக்கங்களிலும் மறைந்திருக்கும் கட்டளைகள் மூலம் சாட்ஜிபிடியின் நினைவில் தவறான தகவலைப் பதிய வைக்க முடியும் என்று பாதுகாப்பு ஆய்வாளர் ஜோஹான் ரெபெர்கர் 2024இல் செய்து காட்டினார். பயனருக்கு 102 வயது என்றுகூட அது பதிந்துகொண்டது. யாரும் ஏமாற்றாமலே பிழை வருவதும் உண்டு. போன ஆண்டு விலை அப்படியே நினைவில் இருந்தால், இந்த ஆண்டு வாடிக்கையாளருக்குப் போகும் கணக்கும் தவறாகத்தான் இருக்கும்.

பிறருடைய விவரங்கள் என்றால் பொறுப்பு இன்னும் கூடுகிறது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிகத்திற்காகப் பிறர் விவரங்களைக் கையாள்வோருக்குக் கட்டுப்பாடுகளை விதிக்கிறது. உடல்நல விவரங்களை அது கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் தரவாக வகைப்படுத்துகிறது. 'இந்த வாடிக்கையாளருக்கு நீரிழிவு' என்று உதவியாளரிடம் பதிய வைக்கும் முன், அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதே முறை.

நினைவு வசதியைப் பயன்படுத்துவோர் செய்யக்கூடியவை சில உண்டு. சாட்ஜிபிடியின் செட்டிங்ஸில், பெர்சனலைசேஷன் பகுதியில் சேமித்த குறிப்புகளைப் பார்க்கலாம், நீக்கலாம். தனிப்பட்ட சந்தேகங்களைக் கேட்க, நினைவில் எதையும் சேமிக்காத 'டெம்பரரி சாட்' இருக்கிறது. இணைப்பு சேர்ப்போர், அதை வெளியிட்டவர் யார், கோப்பு எங்கே சேமிக்கப்படுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு விவரம், கடவுச்சொல், டிஏசி எண் ஆகியவற்றை எந்த உதவியாளரிடமும் தரவே கூடாது.

மாதம் ஒருமுறை அந்தக் குறிப்புகளைத் திறந்து, பழையதை நீக்கி, தவறானதைத் திருத்தினால் போதும். பதிவேட்டில் என்ன இருக்கிறது என்பது, அதில் பெயர் உள்ளவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.