ஏடில்லாக் கலைக்கு ஓர் ஏடு

முன்கூட்டி எழுதாமல், ஒத்திகை பாராமல், மேடையேறிய பிறகு வாயில் வருவதைக் கொண்டே நாடகம் நடத்திச் சபையோரைச் சிரிக்கச் செய்வது ஒரு கலை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அதற்கு 'இம்ப்ரோவ்' என்று பெயர். கொடுத்த பொருளுக்கு அந்த க்ஷணமே கவி பாடுகிறவனை ஆசுகவி என்று நம் முன்னோர் அழைத்தனர். அவ்வழியே இதனை ஆசு நாடகம் என்று அழைப்போம். எழுத்தை வேண்டாமென்று தள்ளிய இக்கலைக்கு எழுத்திலே நூல் செய்வதா? பதிப்பாளர் எவரும் ஏற்க முன்வராவிடில் ஆசிரியன் தன் கைப்பொருளைச் செலவிட்டாவது அதை அச்சேற்றுவதா? இவ்விரண்டு கேள்விகளுக்கும் ஆம் என்பதே நமது விடை. காரணங்களைக் கூறுவோம்.

இஃது ஏதோ கூத்தாடிகளின் சங்கதி, நமக்கென்ன சம்பந்தம் என்று அரசியல் ஊழியர்கள் எண்ணிவிடலாகாது. மனப்பாடம் செய்த பிரசங்கத்தோடு மேடையேறிய பேச்சாளர், கூட்டத்தின் மூலையிலிருந்து ஒருவன் குறுக்குக் கேள்வி போட்டவுடன் திக்குமுக்காடுவதை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். நியாயஸ்தலத்திலும் இதே கதைதான். குறுக்கு விசாரணைக்கு இருபது கேள்விகளை எழுதிக்கொண்டு போகும் வக்கீல், முதற் கேள்விக்குச் சாட்சி சொன்ன பதிலைச் செவியில் வாங்காமல் இரண்டாவது கேள்விக்குப் பாய்கிறார். தொழில் தொடங்கிய காலத்தில் நாமும் அவ்வாறு பாய்ந்து, கட்சிக்காரரின் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டதுண்டு. பேசுவதைவிடக் கேட்பதே பெரிது என்பதுதான் ஆசு நாடகத்தின் முதற் பாடம்.

அக்கலை நடக்கும் விதத்தைச் சிறிது விளக்குவோம். சபையோரில் ஒருவர் ஒரு சொல்லைக் கொடுக்கிறார். இரண்டு நடிகர்கள் அச்சொல்லை வைத்துக் காட்சியைத் தொடங்குகிறார்கள். ஒருவன், "அண்ணா, கப்பல் புறப்படப் போகிறது!" என்கிறான். மற்றவன், "இங்கே ஏதடா கப்பல்?" என்று கேட்டுவிட்டால் நாடகம் அவ்விடத்திலேயே செத்தது. "ஐயோ, கப்பலின் சாவியைச் சலவைக்காரனிடம் சட்டைப் பையோடு போட்டுவிட்டேனே!" என்றால் நாடகம் பிழைத்தது, துணைக்கு ஒரு சலவைக்காரனும் கிடைத்துவிட்டான். கூட்டாளி கொடுத்ததை ஒப்புக்கொள், அதன்மேல் ஒன்றைச் சேர் என்பதே இவ்வித்தையின் அஸ்திவாரம். கேட்பதற்கு எளிது. செய்து பார்த்தவர்களுக்கே அருமை தெரியும். ஏனெனில், மறுத்துப் பேசுவது மனிதனுக்கு இயற்கையாக வருகிறது.

இக்கலைக்கு நூல் செய்யும் முயற்சி புதிதன்று. 16-ஆம் நூற்றாண்டு முதல் இத்தாலியில் முகமூடி அணிந்த நடிகர் கூட்டங்கள் ஊர் ஊராகச் சென்று ஆசு நாடகம் ஆடின. கதையின் போக்கு மட்டும் சுருக்கமாக எழுதப்பட்டிருக்கும், பேச்சு நடிகனுடையது. அவர்களுள் ஒருவரான பிளாமினியோ ஸ்காலா 1611-இல் வெனிஸ் நகரில் 50 கதைச் சுருக்கங்களைத் தொகுத்து அச்சிட்டார். 1699-இல் நேப்பிள்ஸில் ஆண்ட்ரியா பெருச்சி, எழுதி நடிக்கும் நாடகத்திற்கு ஒரு பாகமும் எழுதாமல் நடிக்கும் நாடகத்திற்கு ஒரு பாகமுமாக இலக்கணமே வகுத்தார். பாரிஸில் ஆடிவந்த இத்தாலியக் கூட்டத்தின் அரங்கை 1697-இல் பதினான்காம் லூயி மன்னன் மூடிவிட்டான். அக்கூட்டத்தின் கோமாளியான எவாரிஸ்டோ கெரார்டி, 1700-இல் தம் கூட்டத்தார் பிரெஞ்சு மொழியில் ஆடிய காட்சிகளை 6 பாகங்களாக வெளியிட்டார். முழு நாடகங்களை இதில் தேட வேண்டாம், எங்கள் நாடகம் அச்சில் அடங்காது என்று முன்னுரையிலேயே அவர் எச்சரித்தும் வைத்தார். அடங்காது என்று அறிந்தும் அவர் அச்சிட்டாரென்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அரங்கம் போயிற்று, மன்னனும் போனான். அக்கூட்டத்தார் எதைச் சொல்லிச் சிரிக்க வைத்தார்கள் என்று இன்று நாம் அறிவதற்கு அந்த 6 பாகங்கள் இருக்கின்றன.

இக்காலத்து ஆசு நாடகத்தின் பிறப்பிடம் அமெரிக்காவில் சிக்காகோ நகரம். பல தேசங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைக் குடும்பங்களுக்காக அங்கே ஹல் ஹவுஸ் என்னும் தர்ம ஸ்தாபனம் 1889-இல் ஏற்பட்டது. விளையாட்டுகளின் வாயிலாகக் கல்வி புகட்டும் முறையை நீவா பாய்டு என்னும் மாது அங்கே நடத்திவந்தார். அவரிடம் பயின்ற வயோலா ஸ்போலின், பிற்பாடு அத்தகைய குழந்தைகளுக்கு நாடகம் கற்பிக்க வேண்டி, புதிய விளையாட்டுகளைத் தாமே இயற்றினார். அவருடைய குமாரர் பால் சில்ஸ் முதலியோர் 1959 டிசம்பரில் 'செகண்ட் சிட்டி' என்னும் அரங்கைத் திறந்தனர். ஸ்போலின் 200-க்கும் மேற்பட்ட விளையாட்டுகளைத் திரட்டி 1963-இல் வெளியிட்ட நூலே பின்வந்தோர் எல்லோருக்கும் முதல் நூலாயிற்று. அவர் எழுதாது போயிருந்தால், அவ்விளையாட்டுகள் அக்குழந்தைகளோடே மறைந்திருக்கும்.

நிற்க. எழுதாமல் பேசுவதைக் கண்டு சர்க்கார்கள் அஞ்சிய கதையும் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 1737 முதல் 1968 வரையில் நாடகங்களுக்கு முன்தணிக்கை இருந்தது. 1843-ஆம் வருஷத்துச் சட்டப்படி, நாடகத்தின் எழுத்துப் பிரதியை லார்டு சேம்பர்லேன் என்னும் அரண்மனை அதிகாரியிடம் கொடுத்து அனுமதி பெற்ற பின்னரே மேடையேற்றலாம். எழுத்துப் பிரதியே இல்லாத நாடகத்தை அவரிடம் எப்படிக் கொடுப்பது? ஆகவே ஆசு நாடகம் பொது மேடையில் சட்டவிரோதமாயிற்று. 1958-இல் லண்டனில் ஜோன் லிட்டில்வுட் அம்மையாரின் நாடகக் கூட்டத்தார், அனுமதி பெற்ற பிரதியில் இல்லாத வசனங்களை மேடையில் பேசியதற்காக வழக்கில் இழுக்கப்பட்டு அபராதம் கட்டினர். அவர்களுக்காகக் கூலி வாங்காமல் வாதாடியவர்களுள் ஒருவர் ஜெரால்டு கார்டினர். அவரே 1964-இல் இங்கிலாந்தின் லார்டு சான்சலர் ஆனார். அவர் அப்பதவியில் இருக்கும்போதுதான் 1968-ஆம் வருஷத்துச் சட்டம் அத்தணிக்கையை ஒழித்தது. நம் நாட்டிலும் 1876-இல் வெள்ளைக்கார சர்க்கார் செய்த நாடகச் சட்டம், சுதந்திரம் வந்து எழுபது ஆண்டுகள் வரையில் சட்டப் புஸ்தகத்தில் கிடந்து, 2018 ஜனவரியில்தான் நீக்கப்பட்டது. எழுத்தில்லாச் சொல்லுக்கு எவ்வளவு வலிமை என்பதை அதிகாரத்தில் இருப்போர் நம்மைவிட நன்றாக அறிந்திருக்கிறார்கள்!

அத்தணிக்கைக் காலத்தில் லண்டனில் இக்கலையைப் பயிற்றியவர் கீத் ஜான்ஸ்டன். 'இம்ப்ரோ' என்னும் அவரது நூலை 1979-இல் பெயர் பெற்ற பதிப்பகம் ஒன்று வெளியிட்டது. மேடையில் இருவர் நின்றால் யார் மேல், யார் கீழ் என்னும் அந்தஸ்துப் போராட்டம் ஒவ்வொரு பார்வையிலும் அசைவிலும் நடக்கிறது என்று அவர் காட்டிய அத்தியாயத்தை, கமிட்டிக் கூட்டங்களுக்குப் போகும் ஒவ்வொருவரும் படிக்கலாம். அத்தனை புகழ் பெற்ற பிறகும், தாம் குடியேறிய கானடா தேசத்துக் கால்கரி நகரில், 1994-இல், ஆசிரியர்களுக்கான தமது அடுத்த நூலைத் தம் நாடகக் கூட்டத்தின் பெயரிலேயே அவர் வெளியிட்டார். அது திருத்தப்பட்டு 1999-இல் வேறு பெயரில் பதிப்பகத்தின் வழியே உலகுக்கு வந்தது. முதலில் தன் கையால் அச்சிடு, உலகம் பிறகு வரும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

சொந்தப் பிரசுரத்திற்கு இன்னும் பெரிய உதாரணம் 2013-இல் அமெரிக்காவில் ஏற்பட்டது. 'அப்ரைட் சிட்டிசன்ஸ் பிரிகேட்' என்னும் கூட்டத்தை நிறுவியவர்களுள் மூவர், மாட் பெஸர், இயன் ராபர்ட்ஸ், மாட் வால்ஷ் என்போர், தம் பள்ளியில் கற்பித்த முறை முழுவதையும் பாடநூலாக எழுதித் தாமே வெளியிட்டனர். அதற்கு அவர்கள் வைத்த பதிப்பகப் பெயர் 'நைசியாவின் ஹாஸ்ய மகாசபை' என்னும் பொருளுடையது. 325-இல் நைசியா நகரில் கிறிஸ்தவ மதகுருமார் கூடி, எது சரியான சித்தாந்தம் என்று தீர்மானித்தார்கள். ஹாஸ்யத்திற்குச் சித்தாந்தம் வகுக்கிறோமே என்று தம்மையே கேலி செய்துகொண்டு அவர்கள் இப்பெயரை வைத்தார்கள். ஆனால் நூலிலே கேலியில்லை. காட்சியில் முதன்முதல் தோன்றும் விநோதம் எது என்று கண்டுகொள், இது உண்மையானால் வேறு எதுவெல்லாம் உண்மையாகும் என்று அதையே தொடர்ந்து போ என்று, தர்க்க சாஸ்திரம் போலவே அது படிப்படியாகப் போதிக்கிறது.

2020-இல் கொள்ளை நோய் உலகத்து அரங்குகளையெல்லாம் மூடியபோது, நியூயார்க்கில் அக்கூட்டத்தாரின் அரங்கும் பள்ளியும் மூடப்பட்டன. வேறு உரிமையாளர்களின் கீழ் 2024-இல்தான் அங்கே மறுபடி திரை தூக்கப்பட்டது. இடையில் 4 வருஷங்கள். வாடகை கொடுக்க முடியாமல் அரங்கம் மூடலாம். புஸ்தகத்துக்கு வாடகை இல்லை.

சட்டமும் இதையே சொல்கிறது. அமெரிக்காவின் 1976-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், ஏதேனும் ஒரு பொருளில் பதிவான படைப்புக்கே காவல் தருகிறது. பதிவு செய்யாமல் மேடையில் பேசிக் கரைந்த பேச்சுக்கு அச்சட்டத்தில் காவலில்லை. முறைகளுக்கும் காவலில்லை, அவற்றை விளக்கும் வாசகத்துக்கே உண்டு. ஆகவே பிறர் கண்ட விளையாட்டைத் தம் சொல்லில் எவரும் எழுதலாம். பிறர் சொல்லை எடுத்தல் கூடாது. கற்பித்தவர் பெயரை மறைத்தல் அதனினும் கூடாது.

இனி, சொந்தச் செலவில் அச்சிட எண்ணும் அன்பர்களுக்கு அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்வோம். சில வருஷங்களுக்கு முன் நாமும் சட்டநூல் ஒன்றை இவ்வாறு வெளியிட்டோம். புரூபை நாமே மூன்று முறை படித்தோம். அப்படியிருந்தும் முகப்புப் பக்கத்தில் நம் பெயரே பிழையாக விழுந்தது! தன் எழுத்தின் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது. அதற்குக் கூலி கொடுத்தேனும் வேறொருவரை அமர்த்துக. அடுத்து, 1,000 பிரதிகள் அடித்தோம். மூன்றில் ஒரு பங்கே விலையாயிற்று. மிச்சம் இன்றும் மச்சில் கிடக்கிறது. இக்காலத்தில் கேட்கும்போது கேட்ட பிரதிகளை மட்டும் அச்சிடும் யந்திரங்கள் வந்துவிட்டன. பிரதிக்கு அடக்கவிலை கூடினாலும் மச்சு காலியாக இருக்கும். நூலாசிரியனிடம் பெருந்தொகை வாங்கிக்கொண்டு, பதிப்புரிமையையும் எழுதி வாங்கிக்கொள்ளும் பேர்வழிகள் எங்கும் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தை முழுதும் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம் என்று வக்கீல் என்ற முறையில் எச்சரிக்கிறோம். முன்கூட்டிக் கையொப்பம் சேர்த்துப் புஸ்தகம் போடுவது நமக்குப் பழைய வழி. சாமிநாதையர் 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும் அவ்வாறே கையொப்பக்காரர்களின் உதவியை நாடினார். வாங்குவோர் யார் என்று அறிந்து அச்சிடுகிறவனுக்கு நஷ்டம் குறைவு. ஆசு நாடக ஆசிரியனுக்கு அவனுடைய மாணாக்கர்களே முதல் கையொப்பக்காரர்கள்.

ஓர் ஆட்சேபணை மீதியிருக்கிறது. விதிகளை அச்சிட்டால், இளைஞர்கள் விதியை மனப்பாடம் செய்துகொண்டு கூட்டாளியின் முகத்தைப் பாராமல் போவார்களே என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. அத்தகைய நடிகர்கள் இருக்கவே இருக்கிறார்கள். புஸ்தகம் படித்த பின் சில காலம் முன்னைவிட மோசமாக நடிப்பதும் உண்டு. ஆயினும் யாப்பிலக்கணம் படித்தவனெல்லாம் கவிஞன் ஆவதில்லை என்பதற்காக யாப்பிலக்கணத்தைக் கொளுத்துவாரில்லை. காளமேகம் பாடியதில் இன்று நம்மிடம் இருப்பது, யாரோ கேட்டு, நினைவில் வைத்து, ஏட்டில் எழுதி வைத்தவை மாத்திரமே. எழுதாமல் போனவை எத்தனையோ, யார் சொல்ல முடியும்?

ஆகையால் எழுத்தில் வராத வித்தை எது கைவந்தவராயினும், நாடகமோ, பிரசங்கமோ, கூட்டம் நடத்துவதோ, அதை அறிந்தவர்கள் இன்றே எழுதத் தொடங்குக. முழுவதும் எழுத்தில் வராது என்பது உண்மை. வருகிற மட்டும் வரட்டும். பதிப்பாளர் வாயிலில் வருஷக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டாம். 100 பிரதியாயினும் சொந்தப் பெயரில் அச்சிட்டு, கற்க விரும்புகிறவன் கையில் கொடுங்கள்.