பக்கத்துத் தெரு கஃபீல்

வெளிநாட்டு வேலையில் முதல் மாதத்தைச் சமாளிப்பது எப்படி? ஆசிரியர் குழு கொடுத்த தலைப்பு இது. பெட்டியில் என்ன வைக்கலாம், எந்த சிம் கார்டு வாங்கலாம் என்று ஒரு பட்டியலோடு பரமக்குடிப் பக்கம் போனேன். துபாயில் நாலு வருடம் கம்பி கட்டிவிட்டு வந்த அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தார்.

“பெட்டிய எடை போடுவான் தம்பி. நான் சுமந்துட்டுப் போனத யாரும் எடை போடல.”

மனைவியின் நகைகளை ஈடு வைத்து, மூன்று வட்டிக்கு வாங்கிய 1,50,000 ரூபாய்தான் அந்தச் சுமை. மாதம் 4,500. இரண்டு வருட ஒப்பந்தம் முடிவதற்குள் வட்டி மட்டும் 1,08,000. அசல் அப்படியே நிற்கும்.

பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ஆனால், அண்ணன் பணம் கொடுத்தது ஒரு சப்-ஏஜென்ட்டிடம், டீக்கடை பெஞ்சில் வைத்து. “ரசீது கேட்டா விசா வேற ஆளுக்குப் போயிரும்னான்.”

எட்டாவது வரை படித்தவர், இசிஆர் பாஸ்போர்ட். குடிபெயர்வு அனுமதி வாங்கித்தான் போயிருக்க வேண்டும். விசிட் விசாவில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் கட்டினால் கிடைத்திருக்கும் 10 லட்ச ரூபாய் காப்பீடும் அதோடு போயிற்று.

ஊரில் சொன்ன சம்பளம் 1,400 திர்ஹாம். இறங்கிய பிறகு நீட்டிய தாளில் 900. கையெழுத்துப் போட்டுவிட்டார். ஏன்?

“போடாம திரும்பி வந்து யார் முகத்துல முழிக்கிறது? வட்டிக்காரரு ஒண்ணாந்தேதி வாசல்ல வந்து நிப்பாருல்ல.”

விசாவைக் கையில் வைத்துத் தொழிலாளியைக் கட்டிப்போடும் வளைகுடா முதலாளியான கஃபீலைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது என்று அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே சொல்கிறது. பரமக்குடி டீக்கடை பெஞ்சு வரை அந்தச் சட்டம் வருமா? நகை மீளும் வரை அண்ணனை அசையவிடாமல் வைத்திருந்த கஃபீல், பக்கத்துத் தெருவில் அடகுக் கடை நடத்திக்கொண்டிருந்தார். கடன் இல்லாதவன் தாளைப் படித்துப் பார்ப்பான், பேரம் பேசுவான், பிடிக்காவிட்டால் திரும்பிவிடுவான். கடன்காரன் பேனா எங்கே என்று கேட்பான்.

அலைச்சலும் செலவும் தங்களுக்கும் உண்டு என்பது ஏஜென்ட்டுகளின் வாதம். அப்படிப் போய் மாடி வீடு கட்டியவர்களும் அண்ணன் தெருவில் இருக்கிறார்கள். இருக்கட்டும். ஏஜென்ட்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள்; ஒப்பந்த நகல் கைக்கு வராமல் நகையைக் கழற்றாதீர்கள். முதல் மாதத்துக்கு என் யோசனை இவ்வளவுதான்.

அண்ணன் தங்கியிருந்த கேம்ப் சோனாப்பூரில். சோனா என்றால் இந்தியில் தங்கம். “தங்கத்தூர்ல இருக்கேன்னு போன்ல சொல்லுவேன். ‘அப்ப என் தங்கம் எப்ப வரும்?’பா வீட்டுக்காரி.” நகை மீள மூன்றாவது வருடம் ஆயிற்று.

கிளம்பும்போது அவருடைய தம்பி மகன் பைக்கை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். அடுத்த மாதம் துபாய் போகிறானாம். “சார், அங்க என்ன சிம் வாங்கலாம்?”

அதற்கான பதில் என் பட்டியலில் இருந்தது. அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு, எத்தனை வட்டி என்று கேட்டேன்.

பெரியப்பாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “மூணு.”